பிரம்ம கமலம்: நம் வீட்டுத் தொட்டியில் பூப்பதும் இமயமலையில் பூப்பதும் ஒன்றா?

கொல்லைப்பூ எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நேற்று ராத்திரி எங்கள் வீட்டில் பிரம்ம கமலம் பூத்தது. ஒரே செடியில் ஏழு பூ. எட்டரை மணிக்கு மொட்டு லேசாக வாய் திறந்தது, பத்தரைக்குள் முழுக்க விரிந்துவிட்டது. வாசனை தெருமுனை வரை போயிருக்கிறது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள். மாமியார் விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, பூவுக்குள்ளே பாம்பணையில் பெருமாள் படுத்திருக்கிறார் பார் என்று பிள்ளைகளுக்குக் காட்டினார். விடிந்தபோது எல்லாப் பூவும் தலை தொங்கிவிட்டது.

இப்போது என் சந்தேகம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பெண், பிரம்ம கமலம் உத்தராகண்ட் மாநிலத்தின் மாநில மலர் என்று படித்திருக்கிறாள். படத்தைத் தேடி எடுத்துக் காட்டினாள். அது நம் வீட்டுப் பூ மாதிரி இல்லவே இல்லை. வெளிர்மஞ்சள் முட்டைக்கோஸ் ஒன்றைப் பாதி பிரித்து வைத்ததுபோல் இருக்கிறது. எது நிஜமான பிரம்ம கமலம்? மாமியாரிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.

மாடித்தோட்டம் எழுதியது:

உங்கள் வீட்டில் இருப்பது கள்ளி அக்கா. எபிஃபில்லம் ஆக்சிபெட்டலம். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துச் செடி. கேரளத்தில் நிஷாகந்தி என்பார்கள். இலை மாதிரி தட்டையாக இருக்கிறதே, அது இலையே இல்லை, தண்டு. அதனால்தான் "இலை" ஓரத்திலிருந்து மொட்டு வருகிறது. படத்தில் உங்கள் பெண் பார்த்தது இமயமலைச் செடி. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

மேட்டுநிலம் எழுதியது:

மாடித்தோட்டம் சொன்னது சரி. முப்பது வருடம் தாவரவியல் பாடம் நடத்தியவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்தச் செடியை நேரில் பார்த்த சந்தோஷம் இன்னும் எனக்குள் இருக்கிறது, அதனால் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இமயமலைப் பிரம்ம கமலத்தின் பெயர் சௌசூரியா ஆப்வலாட்டா. சூரியகாந்திக் குடும்பம். சாமந்தி, கரிசலாங்கண்ணி, வயல் வரப்பில் கிடக்கும் மூக்குத்திப் பூ எல்லாம் இதற்குப் பங்காளிகள். முதல் சொல்லான சௌசூரியா பேரினத்தின் பெயர், ஸ்விட்சர்லாந்தின் டி சௌசூர் குடும்பத்து அறிஞர்கள் நினைவாக வைத்தது. தந்தை ஹோராஸ் பெனடிக்ட் டி சௌசூர் 1787-ல் மோன் பிளாங் சிகரம் ஏறியவர். மகன் நிக்கோலா தியோடோர், செடி காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் தன்னை வளர்த்துக்கொள்வதை அளந்து காட்டியவர். மலைச் செடிக்குப் பொருத்தமான பெயர்தான். ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது இரண்டாவது சொல். ஆப்வலாட்டா என்றால் லத்தீனில் மதில் சூழ்ந்தது என்று பொருள். அந்தச் செடியைப் பார்த்த பிறகு இதைவிட நல்ல பெயர் எனக்குத் தோன்றவில்லை.

நான் பார்த்தது உத்தராகண்டில் சீக்கியர்களின் புனிதத்தலமான ஹேம்குண்ட் சாகிப் போகும் வழியில், ஆகஸ்ட் மாதம். கோவிந்த்காட்டிலிருந்து காங்காரியா வரை ஒரு நாள். அங்கிருந்து மறுநாள் ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் செங்குத்து ஏற்றம். அங்கே பெரும்பாலோர் பூக்களின் பள்ளத்தாக்குக்குத்தான் போகிறார்கள். ஆனால் பிரம்ம கமலம் வேண்டுமென்றால் ஹேம்குண்ட் பாதைதான் நல்லது, ஏனென்றால் அது பள்ளத்தாக்கைவிட உயரமானது. மரங்கள் எப்போதோ நின்றுபோய், புல்லும் பாறையும் மட்டும் இருக்கும் இடம். மேகம் வந்து மூடிக்கொண்டே இருந்தது. ஒரு வளைவு திரும்பினேன், பாறைச் சரிவில் வெளிர்மஞ்சள் விளக்குகள் வரிசையாக வைத்ததுபோல் இருபது முப்பது செடிகள்.

தரையில் தடித்த கிழங்குத் தண்டு. அதன் கழுத்தைச் சுற்றிப் பழைய இலைக்காம்புகளின் நார் சுற்றிக்கொண்டிருக்கும். மேலே நேராக, கிளை இல்லாமல் ஒரே தண்டு. சில செடி ஒரு சாண், சில முழங்கால் உயரம். அடியில் நீண்ட பச்சை இலைகள், ஓரத்தில் சின்னச் சின்னப் பல், இரண்டு பக்கமும் சுரப்பி ரோமம். நெருங்கினால் காட்டமான ஒரு வாடை. நம் வீட்டுக் கள்ளிப் பூவின் இனிய மணம் அல்ல, மூலிகைக் கடைக்குள் நுழைந்தால் வருமே, அந்த மாதிரி.

கொல்லைப்பூ எழுதியது:

ஐயா, மெத்த நன்றி. ஒன்று மட்டும் புரியவில்லை. அந்த வெளிர்மஞ்சள் இதழ்கள் இவ்வளவு பெரிதாக இருக்கின்றன, சாமந்திக் குடும்பம் என்கிறீர்கள். சாமந்தியில் இதழ் சின்னதாக, நிறைய இருக்குமே?

மேட்டுநிலம் எழுதியது:

அம்மா, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டீர்கள். அந்தச் செடியின் உயிரே இதில்தான் இருக்கிறது.

நீங்கள் இதழ் என்று நினைப்பது இதழ் அல்ல, இலை. பூவடிச் செதில் என்று பாடப்புத்தகத்தில் சொல்வோம். நம் ஊர்க் காகிதப்பூ, அதாவது போகன்வில்லாவில், கலர் கலராக இருப்பதும் இப்படிப்பட்ட இலைதான். பிரம்ம கமலத்தில் தண்டின் அடியிலிருந்து மேலே பார்த்துக்கொண்டே வாருங்கள். கீழே பச்சை இலை, நுனிக்கு வரும்போது பச்சை வடிந்து மெழுகுத்தாள் மாதிரி மெல்லிசாகி, படகுபோல் குழிந்து, ஒன்றின்மேல் ஒன்று கவிந்து ஒரு கூண்டு கட்டுகின்றன. பெரியது ஒன்று அரை அடி நீளம்கூட இருக்கும்.

பூ அந்தக் கூண்டுக்குள்ளே இருக்கிறது. கவனமாக ஒரு மடலை விலக்கிப் பார்த்தால், ஊதா நிறத்தில் ஆறு முதல் பதினைந்து உருண்டைகள் நெருக்கமாகக் கூடியிருக்கும். அந்த ஒவ்வோர் உருண்டையும் ஒரு பூ இல்லை, ஒரு பூங்கொத்து. சிரமஞ்சரி. சூரியகாந்தியில் நடுவட்டத்தில் நூற்றுக்கணக்கில் குட்டிப் பூக்கள் இருக்கின்றன அல்லவா, அதே கதை. சூரியகாந்தியில் வெளிவட்டத்தில் நாக்குப் போல் நீளும் கதிர்ப் பூக்களும் உண்டு. பிரம்ம கமலத்தில் அவை கிடையாது. எல்லாமே குழல் பூக்கள். நம் ஊரில் எண்ணெய் வித்துக்காகப் பயிரிடும் குசும்பாவும் அப்படித்தான். இரண்டும் முட்செடிக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

சரி, எதற்கு இந்தக் கூண்டு? அது பூக்கும் இடத்தை மனசில் கொண்டுவாருங்கள். 3,700 மீட்டருக்கு மேலே, 4,600 மீட்டர் வரை. பனி உருகி மண் தெரிவதே கோடை முற்றிய பிறகு. ஜூலை முதல் செப்டம்பர் வரை பூத்து, விதை முற்றி, அடுத்த பனி விழுவதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். அந்த மூன்று மாதமும் மழைக்காலம் வேறு. சூரியகாந்திக் குடும்பத்தில் மகரந்தப்பைகள் ஐந்தும் பக்கவாட்டில் ஒட்டி ஒரு குழாயாகிவிடும். சூலகத் தண்டு அந்தக் குழாய்க்குள்ளே வளர்ந்து, இடியாப்ப நாழியில் மாவு பிழிவதுபோல் மகரந்தத்தை மேலே தள்ளும். தள்ளிய மகரந்தம் திறந்தபடி நுனியில் நிற்கும். ஒரு தூறல் விழுந்தால் போதும், அது வீணாகும். அதனால் கூரை வேண்டியிருக்கிறது. அந்த மெழுகுத்தாள் மடல் மழையைத் தடுக்கிறது, வெளிச்சத்தை உள்ளே விடுகிறது, உள்ளே வந்த சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. கண்ணாடி வீடு என்று மனிதர்கள் குளிர்நாட்டில் தக்காளிக்குக் கட்டுவதை இது தன் பூவுக்குக் கட்டிக்கொண்டிருக்கிறது.

இதில் ஓர் ஆச்சரியம். ரியூம் நோபிலே என்று கிழக்கு இமயத்தில் ஒரு செடி உண்டு, வேறு குடும்பம், சுக்கான்கீரைக்குச் சொந்தம். அதுவும் இதே மாதிரி வெளிர்மஞ்சள் மடல்களால் ஓர் ஆள் உயரக் கோபுரம் கட்டி உள்ளே பூவை வைத்திருக்கும். சம்பந்தமே இல்லாத இரண்டு குடும்பங்கள், ஒரே குளிர், ஒரே மழை, ஒரே தீர்வு.

உதகைவாசி எழுதியது:

கூண்டு மூடியிருந்தால் மகரந்தச் சேர்க்கை எப்படி நடக்கும் சார்? அந்த உயரத்தில் பூச்சி இருக்குமா?

மேட்டுநிலம் எழுதியது:

முழுக்க மூடாது தம்பி. முதிர முதிர மேலே வாய் திறக்கும். பம்பிள்பீ என்ற குண்டுத் தேனீ, உடம்பு முழுக்க ரோமம், குளிரில் தன் தசையை அதிரவைத்துச் சூடேற்றிக்கொண்டு பறக்கக்கூடியது. நான் நின்ற கால் மணி நேரத்தில் மூன்று வந்தன. மடல் இடுக்கில் புகுந்து, உள்ளே ஊதா உருண்டைகள்மேல் நடந்து, மஞ்சள் பூசிக்கொண்டு வெளியே வந்தன. எங்கள் வழிகாட்டிக்குப் பொறுமை போய்விட்டது.

டேராடூன்வாசி எழுதியது:

வேலை நிமித்தம் பன்னிரண்டு வருடமாக டேராடூனில் இருக்கிறேன், ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இங்கே மலைக்கிராமத்து மக்களுக்கு இது படத்தில் பார்க்கும் பூ இல்லை. புரட்டாசிக்கு முன்னால் வரும் நந்தாஷ்டமிக்கு ஊரிலிருந்து ஆட்கள் நோன்பிருந்து, வெறுங்காலோடு மேலே போய் இந்தப் பூவைப் பறித்து வருவார்கள். நந்தாதேவி அவர்களுக்குப் பிறந்த வீட்டுப் பெண். அவள் கைலாசத்துக்குப் புகுந்த வீடு போகிறாள், அவளுக்குச் சீர் மாதிரி இந்தப் பூ. கேதார்நாத்திலும் பத்ரிநாத்திலும் சாமிக்கு இதைச் சாத்துகிறார்கள். மடல் தாள் போன்றதால் பூ பறித்த பிறகும் நாள்கணக்கில் உருக்குலையாது. வீட்டுக் கதவு நிலையில் செருகி வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. இராத்திரியில் மட்டும் பூக்கும், பார்த்தால் அதிர்ஷ்டம் என்ற பேச்சு எல்லாம் கள்ளிக்கு உரியது. இது பட்டப்பகலில், வாரக்கணக்கில் நிற்கும். இரண்டு செடியின் கதையும் ஒரே பெயரால் ஒன்றோடொன்று கலந்துவிட்டது.

மாடித்தோட்டம் எழுதியது:

அந்தக் கலப்பால் நான் பணம் இழந்தேன். மூன்று வருடத்துக்கு முன் ஓர் இணையக் கடையில் "இமயமலை பிரம்ம கமலம், அபூர்வ விதை" என்று படம் போட்டிருந்தார்கள். படம் அசல் சௌசூரியா. இருபது விதை வந்தது. முளைத்தது ஏதோ கீரை. கேட்டதற்குப் பதிலே இல்லை. இப்போது புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது: சமவெளியில் யார் உங்களுக்கு இமயமலைப் பிரம்ம கமலம் தருவதாகச் சொன்னாலும் வாங்காதீர்கள்.

உதகைவாசி எழுதியது:

சமவெளி சரி. உதகை? எங்கள் பக்கம் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். கொஞ்சம் கவனித்துக்கொண்டால் வராதா?

மேட்டுநிலம் எழுதியது:

வராது தம்பி. குளிர் மட்டும் போதாது, குளிரின் வகையும் முக்கியம். இது பல பருவச் செடி. பனிக்காலத்தில் மேலே உள்ள எல்லாம் காய்ந்துபோய், கிழங்கு மட்டும் மாதக்கணக்கில் பனிப்போர்வைக்குக் கீழே தூங்கும். மேலே அடித்துமூடிய பனி ஒரு கம்பளி மாதிரி, வெளியே எவ்வளவு உறைந்தாலும் மண்ணைக் காப்பாற்றும். உங்கள் ஊர் உறைபனி ராத்திரி விழும், காலை ஒன்பது மணிக்கு வெயிலில் உருகிவிடும். செடிக்கு அந்த நீண்ட தூக்கம் கிடைக்காது.

ஆனால் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். நீலகிரியின் உச்சிப் புல்வெளிகளில் அனாஃபாலிஸ் பார்த்திருப்பீர்கள். சாம்பல் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டிய இலை, தொட்டால் சரசரக்கும் வெள்ளைப் பூ, பறித்து வைத்தால் வருடக்கணக்கில் வாடாது. அதுவும் இதே சூரியகாந்திக் குடும்பம். அதிலும் இதழ் மாதிரி தெரியும் வெள்ளை எல்லாம் பூவடிச் செதில்தான். அனாஃபாலிஸ் நீல்கெரியானா என்று உங்கள் மலைப் பெயரையே தாங்கிய இனமும் உண்டு. அதன் ரோமப் போர்வை வெயிலையும் காற்றையும் குளிரையும் தாங்க. இமயத்துச் செடி கூண்டு கட்டியது, நீலகிரிச் செடி கம்பளி நெய்துகொண்டது. சௌசூரியாவிலேயே கம்பளி நெய்த இனங்களும் உண்டு. சௌசூரியா காசிபிஃபோரா முழுக்க வெள்ளைப் பஞ்சு உருண்டையாக இருக்கும், உச்சியில் தேனீ நுழைய ஒரு துளை மட்டும். இமயமலையில் இல்லாததைத் தேடுவதைவிட உங்கள் மலையில் இருப்பதை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள், என் வேண்டுகோள்.

நாட்டுமருந்து எழுதியது:

எங்கள் அப்பா காலத்திலிருந்து நாட்டு மருந்துக் கடை. சௌசூரியா என்ற பெயரைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாங்கள் விற்கும் கோஷ்டம், சௌசூரியா காஸ்டஸின் வேர்தான். பிரம்ம கமலத்துக்கு அண்ணன் தம்பி. தமிழில் கோட்டம் என்று பழைய பெயர். பழைய உரைகாரர்கள் ஐந்து விரை என்று சொல்லும் வாசனைப் பொருள்களில் கோட்டமும் ஒன்று, அகில், ஆரம் எனும் சந்தனத்தோடு சேர்த்து வைத்த பெருமை. அதாவது இமயத்துச் சூரியகாந்திக் குடும்பச் செடி ஒன்று நம் மக்களுக்குப் பல நூற்றாண்டுகளாகத் தெரிந்தேதான் இருக்கிறது.

வருத்தமான செய்தியும் உண்டு. வேருக்காகவே தோண்டித் தோண்டிக் காட்டுச் செடி அருகிவிட்டது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது, அதாவது காட்டிலிருந்து எடுத்ததை நாடு விட்டு நாடு வணிகம் செய்யக்கூடாது. இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பக்கம் வயலில் பயிரிடுகிறார்கள். நாங்கள் கேட்டு, பயிரிட்ட சரக்கைத்தான் வாங்குகிறோம்.

அடியவன் எழுதியது:

எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள். ஒரு விஷயத்தில் எனக்குச் சங்கடம். இந்த மாதிரி விவாதம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும், "பறிக்காதே" என்பதில். நான் கேதார்நாத்தில் சாமிமேல் இந்தப் பூவைப் பார்த்து அழுதவன். தலைமுறை தலைமுறையாக அம்மக்கள் சாத்திய பூ. அவர்கள் பறித்தும் அது இன்றுவரை இருக்கிறதே? பக்தியால் ஒரு செடி அழியும் என்று நான் நம்பவில்லை.

டேராடூன்வாசி எழுதியது:

அடியவன் ஐயா, நானும் பக்தன்தான். கிராமத்து முறை வேறு, இப்போது நடப்பது வேறு. கிராமத்தார் நாள் பார்த்து, நோன்பிருந்து, எண்ணிப் பறிப்பார்கள். திருவிழா நாளுக்கு முன்னால் தொடக்கூடாது என்ற கட்டுப்பாடு அவர்களிடமே உண்டு. அந்த முறையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. யாத்திரைச் சாலையில் கூடை கூடையாக விற்பனைக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை. வேரோடு பிடுங்கியது அதில் பாதி.

மேட்டுநிலம் எழுதியது:

அடியவன் ஐயா சொல்வதில் உள்ள உணர்வை மதிக்கிறேன். செடியின் கணக்கை மட்டும் சொல்கிறேன். தண்டை அறுத்தால் கிழங்கு பிழைக்கும், ஆனால் அந்த வருடத்து விதை போச்சு. பூக்கும் காலமும் விதை முற்றும் காலமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வருவதால், பூவைப் பறிப்பது என்றால் பெரும்பாலும் முற்றாத விதையைப் பறிப்பதுதான். கிழங்கோடு பிடுங்கினால் செடியே போச்சு.

இன்னோர் உதாரணம். திபெத், சீனாவின் யுன்னான் பக்கம் பனித்தாமரை என்று சௌசூரியா லேனிசெப்ஸை மருந்துக்குப் பறிக்கிறார்கள். அது வாழ்நாளில் ஒரே முறை பூத்து மடியும் செடி. வெய்ன் லா, ஜான் சாலிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்டது: உலர்தாவரச் சேகரிப்புகளில் உள்ள பழைய மாதிரிகளையும் புதியவற்றையும் அளந்து பார்த்தால், ஒரு நூற்றாண்டில் அந்தச் செடி குள்ளமாகிக்கொண்டே வந்திருக்கிறது. பறிப்பவர்கள் பெரிதாகப் பார்த்துப் பறிக்கிறார்கள், விதை விடுவது சின்னச் செடி மட்டும். அதே மலையில் அதிகம் பறிக்கப்படாத சௌசூரியா மெடுசா அப்படிக் குறையவில்லை. பிரம்ம கமலத்திலும் சாமிக்கு என்று நாம் தேர்ந்தெடுப்பது எதை? இருப்பதிலேயே பெரியதை அல்லவா?

அடியவன் எழுதியது:

இதை நான் யோசிக்கவில்லை. நல்ல பூவைச் சாமிக்கு, மிச்சத்தை நமக்கு என்று பழகியவன். நோன்பும் நாளும் பார்த்துப் பறிக்கும் கிராமத்து முறையை நான் விடமாட்டேன். கடையில் வாங்கிச் சாத்துவதை மட்டும் விட்டுவிடுகிறேன்.

மாடித்தோட்டம் எழுதியது:

பெயர் விஷயம் பேசி முடிக்கவில்லையே. இனி கள்ளியை நிஷாகந்தி என்றே அழைப்போம் என்பது என் கட்சி.

நாட்டுமருந்து எழுதியது:

எனக்கு உடன்பாடில்லை. மக்கள் வைத்த பெயரைப் பிடுங்க முடியாது. ஒரே பெயரில் இரண்டு மூலிகை எங்கள் கடையில் எத்தனையோ உண்டு. கேட்கும்போது "எந்தப் பிரம்ம கமலம்" என்று கேட்டால் போதும்.

கொல்லைப்பூ எழுதியது:

இரண்டு நாள் கழித்து வருகிறேன், எல்லாப் பதிலையும் பெண்ணும் நானும் சேர்ந்து படித்தோம். நேற்று மாலை மாமியாரிடம் மெதுவாகச் சொன்னேன். இது மெக்சிகோ கள்ளி, அசல் பூ பனிமலையில் இருக்கிறது என்று. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "உன் மாமனார் 1984-ல் திருவனந்தபுரத்திலிருந்து ஈரத்துணியில் சுற்றி ஒரு துண்டு கொண்டுவந்தார். அவர் சொன்ன பெயரைத்தான் நான் சொல்கிறேன்" என்றார். பிறகு பெண்ணைக் கூப்பிட்டு, அந்தப் பனிமலைப் பூவைக் காட்டச் சொன்னார். மடலுக்குள்ளே ஊதாப் பூ இருக்கிற படத்தை வெகுநேரம் பார்த்தார். "குளிருக்குக் குழந்தையைப் போர்த்தி வச்ச மாதிரி இருக்கு" என்றார். கள்ளிக்கு இனியும் கற்பூரம் உண்டு, அதில் மாற்றம் இல்லை.

டேராடூன்வாசி அண்ணா, ஒரு உதவி. பூவின் படம் எங்கே தேடினாலும் கிடைக்கிறது, விதையின் படம் கிடைக்கவில்லை. மூக்குத்திப் பூ விதைமாதிரி பறக்குமா என்று பெண் கேட்கிறாள்.

மேட்டுநிலம் எழுதியது:

பறக்கும் அம்மா. விதைக்கு மேலே இரண்டு அடுக்கு ரோமம். வெளி அடுக்கு குட்டையாக, சொரசொரப்பாக இருக்கும். உள் அடுக்கு நீளமாக, இறகு இறகாகப் பிரிந்திருக்கும், காற்றைப் பிடிப்பது அதுதான். மடல்கள் காய்ந்து பழுப்பேறி விலகியதும் காற்று உள்ளே புகுந்து எடுத்துக்கொண்டு போகும்.

டேராடூன்வாசி எழுதியது:

ஹேம்குண்ட் பாதை அக்டோபர் முதல் பகுதியோடு மூடிவிடும். செப்டம்பர் கடைசி வாரம் நாலு நாள் விடுப்புக் கேட்டிருக்கிறேன். கிடைத்தால் காய்ந்த கூண்டையும் விதையையும் பக்கத்திலிருந்து எடுத்து இங்கேயே போடுகிறேன். பாப்பாவிடம் சொல்லுங்கள், ஒரு விதைகூடக் கையில் எடுத்துவர மாட்டேன், படம் மட்டும்தான்.